பஞ்சமம் சேராத கிட்டார்

எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி எப்போது வரும், யார் வண்டியை யார் இடத்தில் நிறுத்தினார்கள் என்பதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. போன வாரம் மூன்றாம் மாடி நிரஞ்சன் ஒரு கேள்வி போட்டார். "பொண்ணு கிட்டார் கேக்குறா. ஆரம்பத்துக்கு விலை கம்மியானதா வாங்கலாமா, இல்ல வேஸ்டா?" அவ்வளவுதான், ஆளாளுக்கு வித்வான் ஆகிவிட்டார்கள். வாங்கவே வாங்காதீர்கள், காசைக் குப்பையில் போடுகிற வேலை என்றார் ஒருவர். மலிவாகவே வாங்குங்கள், ஒரு மாதத்தில் பரணுக்குப் போகும்போது வயிறு எரியாது என்றார் இன்னொருவர். செகரட்டரி ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு, அது யாருக்கு என்று சொல்லாமல் போய்விட்டார்.

நானும் நாலு வரி எழுதி அழித்தேன். என் நாத்தனார் விசாலாக்ஷியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. அதைக் குழுவில் தட்டி முடிக்கவும் முடியாது. அதனால் இங்கே சொல்கிறேன்.

நான் கே.கே. நகர்க்காரி. எங்கள் வீட்டில் சங்கீதம் என்றால் காலையில் ரேடியோ, அதற்கு மேல் குக்கர். கல்யாணமாகி வந்து சேர்ந்ததோ மயிலாப்பூரில், சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு பாட்டுக் குடும்பத்தில். என் கணவர் ஹரி கடைக்குட்டி, வயலின் வாசிப்பார். அவருக்கு இரண்டு அக்காக்கள். மூத்தவள் ஹம்சா, பாட்டு டீச்சர், வீணையும் வாசிப்பாள். வீடு முழுக்க மாணவிகள். இளையவள் விசாலாக்ஷி, எங்களுக்கு விசாலம் அக்கா.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது பாடச் சொன்னார்கள். வராது என்றேன். "பரவால்லை, எங்காத்துலயும் ஒருத்தி இருக்கா" என்று மாமியார் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். காலி டம்ளர்களை என் அம்மாவிடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த விசாலம் அக்காவும் கூடவே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அது இத்தனை வருஷத்தில் ஆறவில்லை.

விஷயம் இதுதான். விசாலம் அக்காவுக்கு ஒன்பது வயதில் பாட்டு ஆரம்பித்தார்களாம். சரளி வரிசை, ஸ ரி க ம ப த நி ஸ என்று எல்லாக் குழந்தைகளும் தொடங்குகிற முதல் பாடம். ஹம்சா விளையாட்டாகத் தாண்டிப் போன அந்த இடத்தில் இவள் நின்றுவிட்டாள். ஸ ரி க ம வரை வருவாள். பஞ்சமத்துக்கு, அதாவது 'ப'வுக்கு முன்னால் வாயை மூடிக்கொள்வாள். அதட்டினால் அழுவாள். அவர்கள் அப்பா கொஞ்ச நாள் பார்த்தார். "இவளுக்கு சுருதி நிக்காது. குழந்தையைப் படுத்த வேண்டாம்" என்று பாட்டை நிறுத்திவிட்டார். பாசத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் அது டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவளைத் திரும்பச் சோதித்துப் பார்க்கவில்லை.

அவள் பாட்டுக்கு வளர்ந்தாள், படித்தாள், டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டர் ஆனாள். மந்தைவெளியில் கணவர் வெங்கடரமணனோடு குடித்தனம், மஹதி என்று ஒரே பெண், அவளுக்கு இப்போது புனேயில் வேலை. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகும் விசாலம் அக்காவுக்கு ஓய்வு கிடையாது. ஹம்சா வீட்டு நவராத்திரிக்குச் சுண்டல் அவள் பொறுப்பு. மாணவிகள் கூடத்தில் பாடும்போது அவள் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். சங்கீதத்தில் அவளுக்கு ஒரே ஒரு வேலை உண்டு. "விசாலம், பெட்டியைப் போடு" என்று ஹம்சா குரல் கொடுத்தால், கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போவாள். "பெட்டிக்கே சுருதி தெரியறது, எனக்கு எதுக்கு?" என்று தன்னைத் தானே கிண்டலும் செய்துகொள்வாள். அப்படிச் செய்கிறவர்களால் மற்றவர்களுக்கு எவ்வளவு வசதி! யாரும் எதையும் மறுத்துப் பேச வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கிரைண்டரை ஓடவிட்டுக்கொண்டு போனில் பேசினால், "சிந்து, சத்தம் மாறியிருக்கே, பெல்ட்டைப் பாரு" என்பாள். சொல்லி வைத்த மாதிரி அடுத்த சில நாளில் பெல்ட் அறும். நாங்கள் எல்லோரும் அதைச் சமையலறைச் சாமர்த்தியத்தில் சேர்த்துவிட்டோம்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் ரவிக்கைத் துணி எடுக்க நாங்கள் இரண்டு பேரும் தி. நகர் போனோம். பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் நடக்கும்போது விசாலம் அக்கா நின்றாள். சின்னக் கடை. கீபோர்டு, தபேலா, வரிசையாகத் தொங்கும் கிட்டார்கள். துணிக்கடை வாசலில் கூட நிற்காத வேகத்தில் நடக்கிறவள், அங்கே பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள வாங்க மேடம். பையனுக்கா, பொண்ணுக்கா?" என்றான் கடைக்கார இளைஞன். சைஃப் என்று பெயர்.

"எனக்குத்தான்" என்றாள் விசாலம் அக்கா. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

சைஃப் நல்ல பையன். ஒரு நொடி கூட முழிக்கவில்லை. இரண்டு மூன்றை இறக்கி வைத்து, "இது கொஞ்சம் வெல ஜாஸ்தி, ஆனா ஷோக்கா கீது. கை வலிக்காது" என்றான். அவள் அதைத் தொடக்கூட இல்லை. மூலையில் இருந்த சிவப்பு கிட்டாரைக் காட்டி, "இருக்கறதுலயே விலை கம்மி இதுதானே?" என்றாள். ஆமாம் என்றான். நல்ல ரவிக்கை ஒன்றுக்குத் தையற்கூலி கொடுப்பதை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

"அக்கா, வாங்கறதுதான் வாங்கறீங்க, நல்லதா வாங்குங்களேன்" என்றேன்.

"எனக்கு இதுக்கு மேல எதுக்குடி?"

ஆட்டோவில் கிட்டாரை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். நம் வீட்டில் இத்தனை வாத்தியம் இருக்கும்போது கிட்டார் எதற்கு என்று கேட்டேன். "வீணைன்னா ஹம்சா வந்து உக்காந்துடுவா. வயலின்னா உங்காத்துக்காரனே தலையை ஆட்டுவான். இதுல தப்பு சொல்ல நம்மாத்துல ஆள் கிடையாது, பாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கிட்டார் வாங்கிய எவரும் செல்போனில் பாடம் பார்த்து, நாலு விரலை நாலு கம்பியில் வைத்து மொத்தமாக மீட்டுவார்கள். அதைக் கார்டு என்கிறார்கள். விசாலம் அக்காவுக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. பாட்டுக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பாடம் என்றால் சரளி வரிசைதான். ஒரு பழைய சுருதிப் பெட்டியைத் தேடி எடுத்து ஐந்து கட்டையில் போட்டாள். மூன்றாவது கம்பியை அதோடு சேர்த்து ஸட்ஜமாக, அதாவது 'ஸ'வாக வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். சுருதிப் பெட்டியை முனகவிட்டுக்கொண்டு கிட்டாரில் சரளி வரிசை வாசிக்கிற பிறவி மயிலாப்பூரைத் தவிர வேறெங்கும் இருக்க முடியாது.

மலிவுக் கிட்டார் தன் குணத்தைக் காட்டியது. கம்பிகள் பலகையிலிருந்து எங்கேயோ உயரத்தில் நின்றன. அழுத்தி அழுத்தி அவள் விரல் நுனிகளெல்லாம் சிவந்து தோல் உரிந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் உட்கார்ந்தாள். வெங்கடரமணன் அத்திம்பேர் காய் நறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். கேட்டதற்கு, "அவ கைக்கு வேற வேலை இருக்கே" என்றார் பெருமையாக. விஜயதசமிக்குள் சரளி வரிசை வந்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஹம்சா வீட்டில் அன்றைக்கு எல்லோரும் ஆளுக்கொன்று பாடுவார்கள், வாசிப்பார்கள். அந்த வரிசையில் ஒரு தடவை தானும் உட்கார வேண்டும். வேறு யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாள்.

ஆவணியில் ஒருநாள் நான் போயிருந்தபோது கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பஞ்சமம் சேரலை சிந்து."

"அப்படின்னா?"

வாசித்துக் காட்டினாள். எனக்கு எல்லாம் நன்றாகத்தான் கேட்டது. "இல்லடி. மத்யமம் வரைக்கும் வந்துடறது. பஞ்சமம் ஒரு மயிரிழை ஏறி நிக்கறது. மேல் ஸட்ஜமும் அப்படித்தான். கம்பியை இறக்கிப் பார்த்தேன், அப்போ மத்யமம் போயிடறது" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கிரைண்டர் பெல்ட் ஞாபகம் வந்தது. "கிட்டார்லதான் ஏதோ கோளாறு" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. அந்த வீட்டில் வாத்தியத்தைக் குறை சொல்வது என்பது சாமி படத்தைக் குறை சொல்வது மாதிரி. கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சரியாக வரவில்லை என்றால் கையைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று குழந்தையிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். "அது என்ன பண்ணும்? நான்தான்" என்றாள்.

நான் விடவில்லை. அவளையும் கிட்டாரையும் இழுத்துக்கொண்டு தி. நகர் போனேன். சைஃப் சுருதி பார்க்கிற ஆப்பைச் செல்போனில் திறந்து பக்கத்தில் வைத்து, எங்கும் அழுத்தாமல் ஒவ்வொரு கம்பியாகத் தட்டினான். "பாருங்க மேடம், ஆறு கம்பியும் பச்சை காட்டுது. இன்னா பிராப்ளம்?" என்றான். பிறகு எடுத்து மடியில் வைத்து மொத்தமாக மீட்டினான். கடையே நிறைந்தது. வாசலில் போனவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். விசாலம் அக்கா பஞ்சமம், சுருதிப் பெட்டி என்று மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். அவன் அன்பாகத்தான் சொன்னான். "பெட்டி வெச்சிக்கினு யாரும் கிட்டார் வாசிக்க மாட்டாங்க மேடம். நீங்க கார்டு வாசிங்க. ஒண்ணும் தெரியாது."

திரும்பி வரும்போது அவள் கிட்டாரைப் பிடித்துக்கொள்ளாமல் என் பக்கம் சாய்த்துவிட்டாள். அடையாறு போகிற பஸ் ஒன்று எங்கள் ஆட்டோவை உரசிக்கொண்டு போயிற்று, அதற்குக்கூட அவள் பதறவில்லை. மந்தைவெளி வந்ததும் சொன்னாள். "அந்தப் பையன் வாசிச்சா நன்னா இருக்கே. அப்பா அப்பவே சொல்லிட்டார், நான்தான் இந்த வயசுல ஆசைப்பட்டேன்."

கிட்டார் பீரோ மேலே போயிற்று. அத்திம்பேர் காய் நறுக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சைஃப் மேல் இல்லை, ஹம்சா மேல் கூட இல்லை. எதன் மேல் என்று தெரியாத ஆத்திரம்தான் மனிதரை ஏதாவது செய்ய வைக்கிறது. சரஸ்வதி பூஜை அன்று காலை விசாலம் அக்கா கொண்டைக்கடலையோடு ஹம்சா வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு நான் மந்தைவெளிக்குப் போனேன். அத்திம்பேர் ஸ்டூல் போட்டு ஏறி, கிட்டாரை இறக்கி, வேட்டித் தலைப்பால் தூசியைத் துடைத்துக் கொடுத்தார்.

"எடுத்துண்டு போ. நான் தூங்கிண்டு இருந்தேன்னு சொல்லிடு" என்றார்.

ஹம்சா வீட்டில் கொலுப்படிக்குப் பக்கத்தில் வீணை, மாணவிகளின் வயலின்கள், தம்புரா, பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் பூஜைக்கு அடுக்கியிருந்தன. நான் சிவப்பு கிட்டாரைக் கொண்டுபோய் வீணைக்குப் பக்கத்தில் சாய்த்தேன். ஹம்சா புருவத்தைத் தூக்கினாள். "இது யாரோடது?"

"விசாலம் அக்காவோடது."

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற விசாலம் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொண்டேன். ஹம்சா வீணைக்கு இட்ட சந்தனத்தில் மிச்சத்தை எடுத்துக் கிட்டாருக்கும் இட்டாள், குங்குமம் வைத்தாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது, வாத்தியம் என்று வந்துவிட்டால் அவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

மறுநாள் விஜயதசமி. புனர்பூஜை முடிந்து கற்பூரம் காட்டியதும் ஒவ்வொருவராகத் தங்கள் வாத்தியத்தை எடுத்து வாசித்தார்கள், பாடினார்கள். விசாலம் அக்கா வழக்கம்போலப் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே நழுவப் பார்த்தாள்.

"எங்க போற? உன் வாத்தியம் உக்காந்திருக்கே" என்றாள் ஹம்சா.

"அதெல்லாம் எனக்கு வராதுக்கா. சிந்து தெரியாம கொண்டு வந்துட்டா."

"பூஜையில வச்சது ஊமையாத் திரும்பிப் போகப்படாது. உனக்குத் தெரியாதா? ஒரு ஸட்ஜம் வாசி, போறும்."

அது அந்த வீட்டுச் சட்டம், மீற முடியாது. விசாலம் அக்கா தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கிட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடம் முழுக்கப் பட்டுப்பாவாடையும் சுடிதாருமாக மாணவிகள், அவர்களின் அம்மாக்கள். இவளுக்குப் போய் இப்படிச் செய்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ. ரி. க. ம.

நின்றுவிட்டாள். மறுபடியும் தொடங்கினாள். ஸ ரி க ம. விரல் அடுத்த இடத்துக்குப் போயிற்று, ஆனால் மீட்டவில்லை.

"ஏன் நிறுத்தறே?"

"பஞ்சமம் சேராதுக்கா."

"வாசி."

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். ஹம்சாவின் முகம் லேசாகச் சுளித்தது. விசாலம் அக்கா அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். "விரலை இன்னும் சரியா வை" என்றாள் ஹம்சா. வைத்தாள். மறுபடியும் அதே சுளிப்பு. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், நல்ல கெட்டிக்காரி, "சரியாத்தானே இருக்கு மாமி?" என்று கேட்டது. மற்ற குழந்தைகளும் தலையாட்டின.

ஹம்சா கையை நீட்டிக் கிட்டாரை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீணை பழகிய விரல். அதே இடத்தில் தானே அழுத்தி மீட்டினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். மேல் ஸட்ஜத்தை மீட்டினாள். பிறகு வாசிப்பதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் பலகையில் பதித்திருந்த மெட்டை, குறுக்குக் கம்பியை, விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மெட்டே தள்ளி இருக்கு" என்றாள் கடைசியில். "ஒரு நூல். பஞ்சமமும் ஸட்ஜமும் இந்த ஒரே மெட்டுலதான் வரது. வீணைன்னா மெழுகை இளக்கி நகர்த்திடலாம். இதுல அடிச்சே வச்சுட்டான். பகவானே வந்து வாசிச்சாலும் இதுல பஞ்சமம் சேராது."

கூடத்தில் சுருதிப் பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"இது எப்ப தெரிஞ்சுது உனக்கு?" என்று ஹம்சா கேட்டாள்.

"வாங்கின கொஞ்ச நாளைக்கெல்லாம். என் விரல்தான்னு நினைச்சேன்."

"என் குழந்தைகள் ஒருத்திக்கும் கேக்கலை, விசாலம்." ஹம்சா மெட்டிலிருந்து விரலை எடுத்தாள். "நீ அன்னிக்கும் இதே இடத்துலதான் நிறுத்துவே. பஞ்சமத்துக்கு முன்னாடி."

விசாலம் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குக் குரல் அங்க போகலைக்கா. கொஞ்சம் கீழயே நின்னுடும். அது காதுல விழுந்துது. தப்பாப் பாடறதுக்கு மனசு வரலை."

"தெரியாதவளா இருந்தா பாட்டுக்குப் பாடிண்டு போயிருப்பே." ஹம்சா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சதாலதான் நிறுத்தினே. அதைப் போய், நாங்கள்லாம் சேர்ந்து..."

கிட்டாரைத் திரும்ப விசாலம் அக்காவின் மடியில் வைத்தாள். அவளுக்கு எதிரில், முழங்கால் முழங்காலில் படும்படி உட்கார்ந்துகொண்டாள்.

"ஆரம்பி. பஞ்சமம் வரச்சே நீ விட்டுடு. நான் பாடறேன்."

ஸ ரி க ம என்று கம்பி சொன்னது. ப என்று ஹம்சா பாடினாள். த நி என்று கம்பி. ஸ என்று ஹம்சா. இறங்கும்போதும் அப்படியே. இரண்டு தடவை, மூன்று தடவை. விசாலம் அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கிட்டார் பலகையில் சொட்டியது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை, தாளமும் தவறவில்லை. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அன்றைக்குப் பஞ்சமம் சேர்ந்தது என்று எனக்கே தெரிந்தது. அடுப்பில் சுண்டல் அடிப்பிடித்து வீடெல்லாம் வாசனை வந்தது. அந்த வீட்டில் நவராத்திரிச் சுண்டல் தீய்ந்தது அதுதான் முதல் தடவை. யாரும் எழுந்து போகவில்லை.

நிரஞ்சனுக்கு நேற்றுத்தான் பதில் போட்டேன். "தாராளமாக மலிவு கிட்டார் வாங்குங்கள். ஆனால் குழந்தை இது சேரவில்லை என்று சொன்னால், முதலில் கிட்டாரைப் பாருங்கள்." செகரட்டரி அதற்கும் ஒரு கட்டைவிரல் காட்டினார்.

உங்கள் நாத்தனார் அப்புறம் நல்ல கிட்டார் வாங்கினாரா என்று நிரஞ்சன் தனியாகக் கேட்டார். வாங்கினாள். அதே சைஃபிடம், இந்த முறை சுருதிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்து, அவனைப் பொறுமை இழக்க வைத்து வாங்கினாள். அது மந்தைவெளியில் இருக்கிறது. சிவப்பு கிட்டாரை மட்டும் அவள் திரும்ப எடுத்து வரவில்லை. ஹம்சா வீட்டிலேயே வீணைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே போனால் அதைத்தான் எடுத்து வாசிப்பாள். நல்லது ஒன்று இருக்கும்போது இதை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுல எல்லாம் தானே சேர்ந்துடறதுடி" என்றாள். "ஹம்சாவுக்கு வேலையே இருக்காதே."